கட்டிலுக்கு அடியிலிருந்து தெரிந்த கால்

என் பெயர் தனலெட்சுமி. கணவர் பெயர் தம்புசாமி, காலமாகிவிட்டார். எனக்கு வயது எழுபத்து மூன்று. கிள்ளான், பண்டமாரானில், கணவர் வாங்கிய வீட்டில் இளைய மகன் ஜெயராஜுடன் குடியிருக்கிறேன். அடையாள அட்டையைக் காட்டியிருக்கிறேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தேன், கையெழுத்துப் போடத் தெரியும். முன்பு கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்தேன், இப்போது வேலை இல்லை. மலாய் பேசுவேன், ஆனால் இந்த விஷயத்தை மலாயில் சொல்ல எனக்கு வாய் வராது என்று சொன்னதால், சார்ஜன் ரெங்கசாமி நான் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதுகிறார். யாரும் என்னை மிரட்டவில்லை, ஆசை காட்டவும் இல்லை. டீ வாங்கிக் கொடுத்தார்கள், அதில் சீனி அதிகம்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் நடந்த ஓவியக் கண்காட்சியில் என் பேத்தி நித்யா வரைந்த பெரிய படம் ஒன்று கெட்டுப்போனது. அதைக் கெடுத்தது தான்தான் என்று என் மகன் ஜெயராஜ் ஒப்புக்கொண்டதால் அவனைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவன் அந்தப் படத்தைத் தொடவில்லை. நான்தான் கெடுத்தேன். ஏன் என்று கேட்டால் எனக்கே முழுதாக விளங்கவில்லை. விளங்கின மட்டும் முதலிலிருந்து சொல்கிறேன்.

நித்யா என் மூத்த மகன் கன்னையாவின் மகள், வயது முப்பத்தொன்று. பயங்கரப் படம் வரைவதுதான் அவளுக்குத் தொழில். பல்லும் கொம்பும் வைத்த பேய் என்று நினைக்க வேண்டாம். வீடு, சாத்திய கதவு, சாப்பாட்டு இலை, கால்கள், இவ்வளவுதான் வரைவாள். ஒரு படத்திலும் முகம் இருக்காது. அதைச் சிங்கப்பூரிலிருந்தெல்லாம் வந்து வாங்குகிறார்கள். வாங்கி எங்கே மாட்டுவார்கள், அதற்குக் கீழே உட்கார்ந்து எப்படிச் சாப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியாது. பிள்ளைக்கு ஏன் இப்படிப் புத்தி போகிறது என்று ஒரு நாள் அவள் தாய் ரஞ்சனியிடம் கேட்டேன். “எல்லாம் உங்க வீட்டுலருந்து வந்ததுதான் அத்தை” என்று சொன்னாள். அதைச் சொன்னபோது அவள் சிங்க் பக்கம் நின்று மைலோ டின் மூடியைக் கழுவிக்கொண்டிருந்தாள், என் முகத்தைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. அது எனக்கு மறக்கவில்லை.

இனி எங்கள் வீட்டுப் படையலைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் படம் விளங்காது. தீபாவளிக்கு முதல் நாள் செத்துப்போனவர்களுக்குப் படைப்பது எங்கள் வழக்கம். என் கணவர் படுத்திருந்த அறையில், அவர் படத்துக்கு முன்னால் இலை போட்டு, சோறு, ஆட்டிறைச்சிப் பிரட்டல், அவித்த முட்டை, வடை, ஒரு கிளாஸ் ஸ்டவுட் பீர், சிகரெட் எல்லாம் வைத்து, புதுச் சட்டையும் கைலியும் நாற்காலியில் மடித்து வைப்போம். ஊதுபத்தி கொளுத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவோம். உள்ளே உயிருள்ள யாரும் இருக்கக் கூடாது. ஊதுபத்தி எரிந்து முடியும்வரை வாசலில் நிற்போம், அதன் பிறகு மூன்று தடவை கதவைத் தட்டிவிட்டுத்தான் திறப்போம். தட்டாமல் திறந்தால் சாப்பிட வந்தவர் எழுந்து போக அவகாசம் இருக்காது. அந்த அறையின் பின்பக்கம் குளிக்கும் இடத்துக்குப் போக ஒரு சின்னக் கதவு உண்டு. அதைப் பற்றி யாரும் நினைக்கவில்லை.

என் கணவர் இறந்த முதல் வருஷம் படையலை யாரும் தொடவில்லை. வைத்தது வைத்தபடி இருந்தது. இறந்த அன்று காலையில் அவர் ரொட்டி வாங்காமல் வெறுங்கையோடு வந்ததற்காக நான் அவரோடு பேசவில்லை, அவரும் பேசவில்லை, அப்படியே போய்விட்டார். அந்தக் கோபத்தில்தான் வரவில்லை என்று நினைத்து, அந்தத் தீபாவளிக்கு நான் எண்ணெய் தேய்த்துக் குளிக்கவில்லை, சோறும் சாப்பிடவில்லை, மறுநாளும் சாப்பிடவில்லை. அடுத்த வருஷம் கதவைத் திறந்தபோது இலையில் பாதிப் பிரட்டல் இல்லை. ஸ்டவுட் கிளாஸ் காலி. சட்டையின் மடிப்பு கலைந்திருந்தது, எடுத்து மோந்து பார்த்தேன், வியர்வை வாடை அடித்தது. அந்தச் சட்டையைத் துவைக்காமல் தலையணைக்கு அடியில் வைத்துப் பல நாள் தூங்கினேன்.

அன்று ஜெயராஜ் மட்டும் வாசலில் இல்லை. வேலையில் நேரமாகிவிட்டது என்று எல்லாம் முடிந்த பிறகு வந்தான். “அப்பா வந்து சாப்பிட்டுட்டுப் போயிருக்காரு, நீ எங்கடா ஊர் சுத்திட்டு வர?” என்று எல்லோர் முன்னாலும் திட்டினேன். சாப்பிடக் கூப்பிட்டதற்கு, பசிக்கவில்லை என்று சொல்லிப் படுத்துவிட்டான். பெற்ற தகப்பனுக்கு ஒரு கும்பிடு போடக்கூட நேரத்துக்கு வராதவன் என்று அவன் மேல் வைத்த மனத்தாங்கலை நான் நேற்று வரைக்கும் இறக்கவில்லை.

அதற்கும் அடுத்த வருஷமும் அவன் வரவில்லை. நாங்கள் கதவைத் தட்டித் திறந்தோம். இலையில் கை வைத்திருந்தது, கைலி தரையில் கிடந்தது, பின்கதவு கொஞ்சம் திறந்திருந்தது, காற்றில் திறந்திருக்கும் என்று நான் சாத்தினேன். அப்போதுதான் கட்டிலுக்கு அடியில் நித்யாவின் கை தெரிந்தது. அவளுக்கு அப்போது ஆறு வயது. சிமெண்டுத் தரை குளிர்ச்சியாக இருக்கிறது என்று நாங்கள் படைப்பதற்கு முன்பே உள்ளே போய்ப் படுத்துத் தூங்கியிருக்கிறாள். பிள்ளை தாயிடம் இருக்கிறது என்று கன்னையா நினைத்தான், தகப்பனிடம் இருக்கிறது என்று ரஞ்சனி நினைத்தாள். ஆனால் பிள்ளையை நான்தான் கவனிக்கவில்லை என்று ரஞ்சனி தன் அம்மா வீடு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். அது பொய் என்பதையும் எழுதும்படி கேட்டேன். வழக்குக்குத் தேவையில்லை பாட்டி என்று சார்ஜன் சொன்னார். எழுதச் சொன்னேன்.

பிள்ளையை வெளியே இழுத்தபோது கவுன் நனைந்திருந்தது. கண் இமைக்கவில்லை. என்ன பார்த்தாய் என்று கேட்டதற்கு, “தாத்தா கைலி கட்டிட்டு வந்தாங்க. உக்காந்து சாப்பிட்டாங்க” என்று சொன்னாள். நாங்கள் எல்லோரும் அந்த இடத்திலேயே விழுந்து கும்பிட்டோம். நான் பிள்ளைக்குத் திருநீறு பூசி, தூக்கி வைத்துக்கொண்டு, எங்கள் குடியிருப்புத் தாமானில் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னேன். சுங்கை வேயிலிருந்து என் நாத்தனார் லட்டு வாங்கிக்கொண்டு வந்து, பிள்ளை வாயாலேயே கேட்க வேண்டும் என்று உட்கார்ந்தாள். வந்தவர்களுக்கெல்லாம் பிள்ளை சொன்னது, நானும் சொல்ல வைத்தேன். சொல்லி முடித்ததும் வாந்தி எடுத்தாள். பலகாரம் அதிகம் தின்றுவிட்டாள் என்று நினைத்தேன். அந்த அறைக்குள் போக மாட்டேன் என்று அழுதபோது, தாத்தா உன்னிடம்தானே வந்தார், நீதான் முதலில் போக வேண்டும் என்று சொல்லிக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். அது அவளுக்குப் பெருமை என்றுதான் நினைத்தேன்.

அதன் பிறகு எந்த வருஷமும் படையல் தொடப்படவில்லை. பேத்திக்குக் காட்சி கொடுத்துவிட்டார், மனம் நிறைந்துவிட்டது, இனி வர மாட்டார் என்று நான் சமாதானம் ஆனேன். ஜெயராஜும் அந்த வருஷத்துக்குப் பிறகு ஒரு தீபாவளிக்கும் தாமதமாக வரவில்லை. முதல் ஆளாக வாசலில் வந்து நிற்பான். என் ஏச்சுக்குப் பயந்து திருந்திவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகுதான் நித்யா கால் வரைய ஆரம்பித்தாள். காலண்டர் தாளின் பின்பக்கம், பள்ளிப் புத்தகத்தின் அட்டை, எங்கே வெள்ளையாக இடம் கிடைத்தாலும் இரண்டு கால். கேட்டால் சும்மா என்பாள்.

நேற்று மத்தியானம் ஜெயராஜ் என்னைக் கண்காட்சிக்குக் கூட்டிப்போனான். பிரிக்ஃபீல்ட்ஸில் கார் நிறுத்த இடம் கிடைக்காது என்று கொமுட்டர் ரயிலில் அழைத்துப் போய், வெயிலில் நடக்க வைத்தான். மாடிப்படி செங்குத்து. அதை ஏற்பாடு செய்த பிரவின் என்ற பையன், வாங்க ஆன்டி என்று வாய் நிறையச் சொன்னான், உட்கார ஒரு நாற்காலி போடவில்லை. நடுவில் நித்யா நின்றுகொண்டிருந்தாள், பக்கத்தில் ரஞ்சனி, சுற்றிலும் ஆட்கள். ஒரு பெண் போனை நீட்டி, உங்களுக்கு இந்தக் கற்பனையெல்லாம் எங்கிருந்து வருகிறது, ஏன் பயங்கரமாகவே வரைகிறீர்கள் என்று கேட்டாள்.

நித்யா சொன்னதை அப்படியே சொல்கிறேன். “கற்பனை இல்ல. எங்க பாட்டி வீட்டுல படையல் ரூமுக்குள்ள நான் மாட்டிக்கிட்டேன். அன்னைக்கு அங்க பயந்தது நான் ஒருத்திதான். கதவு தொறந்தா வெளிய எல்லாரும் ஹேப்பி. தூக்கிக் கொஞ்சுறாங்க, லட்டு குடுக்குறாங்க. நான் பயந்தத யாருமே பாக்கல. அப்பலருந்து எனக்கு ஒரே ஆச, இன்னொருத்தர் என்கூட சேர்ந்து பயப்படணும். அதுக்குத்தான் வரையிறேன்.” அது நடந்ததா என்று அந்தப் பெண் கேட்டாள். “வெளியாளுங்க பயப்படுறாங்க லா. வீட்டுல இன்னும் ஒருத்தரும் இல்ல” என்று நித்யா சிரித்தாள்.

எனக்கு வந்த கோபத்தில் அவள் பக்கம் போகவில்லை. கடவுள் மாதிரி வந்து நின்ற தாத்தாவைப் பார்த்துப் பயந்தேன் என்று நாலு பேர் முன்னால் சொல்கிறாளே என்று, மூலையில் இருந்த பெரிய படத்தின் பக்கம் போய் நின்றேன். ஜெயராஜ் என் பின்னால் வந்தான். மற்றவர்கள் கேக் வெட்டும் மேசைக்குப் போய்விட்டார்கள்.

அந்தப் படம் என் உயரத்துக்கு இருந்தது. கட்டிலுக்கு அடியில் படுத்துப் பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி வரைந்திருந்தாள். மேலே கட்டிலின் சட்டம், தரையில் இலையின் ஓரம், ஸ்டவுட் கிளாஸின் அடிப்பாகம், நடுவில் கைலியை முழங்காலுக்கு மேல் ஏற்றிக்கட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளின் கால்கள். இதே கால்களை அவள் படங்களில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நேற்றுத்தான் வலது காலின் உள்பக்கம், கெண்டைச் சதையில், மாங்காய்க் கீற்று மாதிரி ஒரு தழும்பு இருந்தது.

என் கணவர் மோட்டார் சைக்கிள் ஓட்டியதும் இல்லை, யார் பின்னாலும் ஏறியதும் இல்லை. போர்ட் கிள்ளானுக்கு வேலைக்குப் பஸ்ஸில் போய்ப் பஸ்ஸில் வந்தார். அவர் உடம்பைக் கிடத்தி இரண்டு பெருவிரலையும் சேர்த்துக் கட்டியபோது நான் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கால்களில் வெடிப்பு உண்டு, தழும்பு கிடையாது. ஜெயராஜ் முதன்முதலில் மோட்டார் வாங்கிய மாதம், சைலன்சர் குழாயில் கால் பட்டு வெந்து வந்தான். எண்ணெயில் மஞ்சள் குழைத்து நான்தான் போட்டேன். அந்தக் காயம் ஆறி எந்த வடிவத்தில் நின்றது என்று எனக்குத் தெரியும்.

நான் திரும்பி, “காலக் காட்டுடா” என்றேன். அவன் அசையவில்லை. நானே குனிந்து அவன் சிலுவாரின் கால்பகுதியைப் பிடித்து முழங்கால் வரைக்கும் தூக்கினேன். தழும்பு இருந்தது. படத்தில் இருந்த அதே தழும்பு, அதே பக்கம். அந்த வழியாகப் போன ஒரு பெண், இதுவும் கண்காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்து எங்களைப் பார்த்துக் கை தட்டிவிட்டுப் போனாள்.

அதன் பிறகு எனக்கு உடம்பு நடுங்கியது. அவர் வரவில்லை என்று தெரிந்ததும் வந்த நடுக்கமா, சாத்திய அறைக்குள் வேறு ஒரு ஆள் அவர் துணியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து தின்றதை நினைத்து வந்த நடுக்கமா, தலையணைக்கு அடியில் நான் வைத்துத் தூங்கியது யார் வியர்வை என்று நினைத்து வந்ததா, என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பிள்ளைகளுக்கு முகம் துடைப்பது போல முந்தானையில் எச்சில் தொட்டு அந்தத் தழும்பைத் துடைத்தேன். அதை மட்டும் எடுத்துவிட்டால் அது அவர் கால் ஆகிவிடும் என்று நினைத்தேன். எண்ணெய்ச் சாயம், இன்னும் ஈரமாக இருந்தது. தழும்பு போனதோடு நிற்கவில்லை, துடைக்கத் துடைக்கக் கால் முழுக்க இழுத்துக்கொண்டு போய்த் தரை வரைக்கும் வழிந்துவிட்டது.

ஜெயராஜ் என் கையைப் பிடித்து முந்தானையைப் பிடுங்கி என் இடுப்பில் உள்பக்கமாகச் செருகினான். அப்போதுதான் அவன் கையில் சாயம் பட்டது. அதற்குள் பிரவின் பார்த்துவிட்டு, “ஐயோ ஆன்டி, அது வித்த படம்!” என்று கத்திக்கொண்டு ஓடிவந்தான். எல்லோரும் திரும்பினார்கள். ஜெயராஜ் எனக்கு முன்னால் வந்து நின்று, கையைத் தூக்கிக் காட்டி, “நான்தான் பண்ணேன் பாஸ். அம்மா சும்மா நின்னாங்க” என்றான். படம் வாங்கியவருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று பிரவின்தான் போலீசுக்குச் சொன்னான். நித்யா புகார் கொடுக்கவில்லை.

போலீஸ் வரும்வரை நானும் ஜெயராஜும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம். ஏன்டா செய்தாய் என்று கேட்டேன். “மொத வருஷம் நீ சோறு திங்கலயே மா. அப்படியே போய்டுவியோன்னு பயந்துட்டேன்” என்றான். “ஸ்டவுட்ட ஏன்டா குடிச்ச?” என்று கேட்டேன். “அத அப்படியே வெச்சா அப்பா வந்தாருன்னு நீ நம்புவியா?” என்றான். சட்டையைப் போட்டுக்கொண்டதும் நான் மோந்து பார்ப்பேன் என்று தெரிந்துதானாம். எனக்காகச் செய்தானா, பிரட்டலுக்காகச் செய்தானா, இப்போதும் நான் தீர்மானம் பண்ணவில்லை. சின்ன வயதிலிருந்தே அவனுக்கு ஆட்டிறைச்சி என்றால் உயிர்.

பிறகு ஏன் நிறுத்தினாய் என்று கேட்டேன். “ரெண்டாவது தடவ சாப்பிடும்போது கட்டிலுக்கடியில மூச்சு விடுற சத்தம் கேட்டுச்சு மா. நம்ம பொய்யா செய்யப்போய் அப்பா நெஜமாவே வந்துட்டாருன்னு நெனச்சிட்டேன். கைலிய அவுத்துப் போட்டுட்டுப் பின்னால ஓடிட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல” என்றான். அது நித்யா என்று பிறகு தெரிந்ததும் வாயைத் திறக்கவில்லை. ஊரே வந்து பிள்ளையைக் கும்பிட்டுப் போகும்போது எப்படிச் சொல்வது என்று கேட்டான். நேற்று ஏன் பழியை எடுத்துக்கொண்டாய் என்று கேட்டேன். “நான் செஞ்ச வேலதான மா அது” என்றான்.

அப்படியானால் அந்த அறையில் அன்று பயந்தது நித்யா ஒருத்தி மட்டும் இல்லை. இது அவளுக்குத் தெரியாது. அந்தத் தழும்பை ஏன் இப்போது வரைந்தாய் என்று படியிறங்கும்போது அவளிடம் கேட்டேன். “போன வாரம் வரையும்போது கை தானா அங்க போச்சு பாட்டி. செத்தவங்க காலுல அப்படித்தான் இருக்கும்னு சின்னப் பிள்ளையில நெனச்சிருந்தேன்” என்றாள். அது சித்தப்பா கால் என்று அவளுக்குத் தெரிந்திருக்குமா என்பது எனக்குத் தெரியவில்லை. இதையெல்லாம் சொன்னால் அவளுக்கு நிம்மதி வருமா, இல்லை இத்தனை வருஷம் வரைந்ததெல்லாம் ஒரு கிளாஸ் ஸ்டவுட்டுக்கா என்று மனம் உடைந்து வரைவதையே விட்டுவிடுவாளா என்பதும் தெரியவில்லை. சார்ஜனிடம் கேட்டேன். அது போலீஸ் வேலை இல்லை என்று சொன்னார். அதனால் நானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

சாயம் பட்ட சேலையைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்து ஒப்படைத்திருக்கிறேன். முந்தானையில் இருப்பது அந்தக் காலின் சாயம்தான், யாரிடம் வேண்டுமானாலும் கொடுத்துப் பார்க்கலாம். படத்துக்கு என்ன தண்டனை உண்டோ அது என்னைச் சேரட்டும். ஜெயராஜை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவன் நேற்று இரவும் சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டேன்.

கடைசியாக ஒன்று. நேற்று எல்லோரும் கத்திக்கொண்டிருந்தபோது நித்யா கெட்டுப்போன படத்தைப் பார்க்கவே இல்லை. நேராக என்னிடம் வந்து, நடுங்கிக்கொண்டிருந்த என் கையை இரண்டு கையாலும் பிடித்து, “பாட்டி, பயந்துட்டீங்களா?” என்று மெதுவாகக் கேட்டாள். ரஞ்சனி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததால் நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலையும் இதில் சேர்த்து எழுதச் சொல்கிறேன், நித்யாவும் இதைப் படிப்பாள் அல்லவா. பயந்தேன்.

எழுதியதை சார்ஜன் ரெங்கசாமி எனக்கு முழுதாக வாசித்துக் காட்டினார். நான் சொன்னதுதான் இருக்கிறது, சொல்லாதது ஒன்றும் இல்லை. “கணவர் வந்து சாப்பிட்டார் என்று அப்போது நம்பினேன்” என்று ஒரு வரி வேறு தாளில் எழுதி வைத்திருந்தார், அதைச் சேர்க்கட்டுமா என்று கேட்டார். முதலில் வேண்டாம் என்றேன், பிறகு வேண்டும் என்றேன். சேர்த்தாயிற்று. எல்லாம் உண்மை என்று அறிந்து என் கையால் ஒப்பமிடுகிறேன்.

த. தனலெட்சுமி

எழுதியவர்: சார்ஜன் ரெங்கசாமி